ஊக்கமருந்துச் சோதனைக்கு மதுவம் எப்படி உதவுகிறது?

ஊக்கமருந்து உட்கொண்ட வீரரின் சிறுநீரில் அந்த மருந்தையே தேடிப் பிடிப்பார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஸ்டெரொயிட் மருந்துகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியல்ல. விழுங்கிய உருவிலேயே அவை சிறுநீரில் வருவது குறைவு. வந்தாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். ஈரல் அந்த மூலக்கூறைப் பிடித்து, ஓரிடத்தில் ஒட்சிசனைச் செருகி, இன்னோரிடத்தில் ஐதரசனைக் கழற்றி, கடைசியில் ஒரு சர்க்கரைத் துண்டையும் ஒட்டி, வேறொரு பொருளாக்கித்தான் சிறுநீரகத்திடம் ஒப்படைக்கிறது. ஆய்வுகூடம் தேடுவது இப்படி மாறிய பொருட்களை. அனுசேப விளைபொருட்கள் என்று அவற்றைச் சொல்வோம்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மருந்தை ஏதோவொரு கம்பனி தயாரிக்கிறது, அதை வாங்கிவிடலாம். ஆனால் அந்த மருந்து மனித உடலுக்குள் போய் மாறிய பிறகு உண்டாகும் பொருளை யார் தயாரிப்பார்கள்? எந்தக் கடையிலும் அது இல்லை. அது கையில் இல்லாவிட்டால், சிறுநீரில் கண்டது அதுதான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. இதற்குக் கிடைத்த அழகான விடைகளில் ஒன்று நுண்ணங்கிகள். மனித நொதியமொன்றை உருவாக்கும்படி மாற்றிய மதுவத்திடம் (ஈஸ்ட்) மருந்தைக் கொடுத்தால், மனித உடல் செய்யும் மாற்றத்தை அது குடுவைக்குள் செய்துகாட்டும்.

கொழும்பிலிருந்து இதை எழுத எனக்குக் காரணம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க வெண்கலம் வென்றதை நாடே கொண்டாடியது. முதலிடம் பெற்ற அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் அந்தக் காலத்தில் ஸ்டெரொயிட் பாவித்ததாக 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு, 2009 டிசம்பரில்தான் சுசந்திகாவின் பதக்கம் வெள்ளியாக உயர்ந்தது. ஜோன்ஸ் பாவித்த பொருளின் பெயர் டெட்ராஹைட்ரோஜெஸ்ட்ரினோன். சோதனையில் அகப்படாதிருக்கவே வடிவமைக்கப்பட்ட ஸ்டெரொயிட் அது. 2003இல் பயிற்சியாளர் ஒருவர் அந்தப் பொருளின் எச்சம் இருந்த ஊசிக்குழாயை அதிகாரிகளுக்கு அனுப்பிவைத்தார். லொஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வுகூடத்தில் டொன் கட்லினின் குழு அதன் கட்டமைப்பைக் கண்டறிந்து, அதே பொருளைத் தாங்களாகவே தயாரித்தும் ஒப்பிட்டுப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் எல்லா ஆய்வுகூடங்களும் அதைத் தேடத் தொடங்கின. அதுவரை அந்த மருந்து வீரர்களின் சிறுநீரில் இருந்துகொண்டேதான் இருந்தது. எதைத் தேடுவது என்றுதான் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் நம்மிடம் உண்டு. கிரிக்கெட் வீரர் குசல் ஜனித் பெரேராவின் 2015ஆம் ஆண்டு மாதிரியில் தடைசெய்யப்பட்ட ஸ்டெரொயிட் ஒன்று இருப்பதாகக் கட்டாரிலுள்ள ஆய்வுகூடம் அறிவித்தது. அவர் இடைநிறுத்தப்பட்டார். 2016 மார்ச்சில் நடந்த இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்தில் விளையாட முடியாமல் போனது. பின்னர் அந்த ஆய்வுகூடமே தன் முடிவை மீளப்பெற, 2016 மே மாதத்தில் சர்வதேச கிரிக்கெட் பேரவை குற்றச்சாட்டைக் கைவிட்டது. ஆய்வுகூடத்தின் ஒரு வரி முடிவில் ஓர் இளைஞனின் தொழிலும் பெயரும் தொங்குகின்றன. அந்த வரிக்குப் பின்னால் எவ்வளவு திடமான ஆதாரம் இருக்க வேண்டும் என்பதை நாம் இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

சரி, அந்த ஆதாரம் எப்படி உருவாகிறது?

சிறுநீர் மாதிரியைச் சுத்திகரித்து, முதலில் நிறப்பதிவியல் கருவிக்குள் செலுத்துகிறார்கள். நீண்ட மெல்லிய குழாயொன்றினூடாகச் செல்லும்போது ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளியே வரும். வந்ததும் அது திணிவு நிறமாலைமானிக்குள் நுழைகிறது. அங்கே மூலக்கூறு உடைந்து துண்டுகளாகிறது. எந்தெந்தத் திணிவுள்ள துண்டுகள், என்ன விகிதத்தில் கிடைக்கின்றன என்பது பதிவாகிறது. வெளிவரும் நேரம், துண்டுகளின் திணிவு, அவற்றின் விகிதம் ஆகிய மூன்றும் ஒரு நியமப் பொருளுடன் பொருந்த வேண்டும். நியமப் பொருள் என்றால், இன்ன பொருள்தான் என்று ஐயமின்றி நிறுவப்பட்ட தூய மாதிரி. அதையும் அதே கருவியில் ஓட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். தேட வேண்டிய அளவோ மில்லிலீற்றருக்குச் சில நானோகிராம்தான். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு.

அப்படியானால் நியமப் பொருளை எங்கே பெறுவது? மிக நேரடியான வழி, ஒரு தொண்டருக்கு மருந்தைக் கொடுத்து அவருடைய சிறுநீரைச் சேகரிப்பது. இப்படியான ஆய்வுகள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஒழுக்கவியல் குழுவின் அனுமதி வேண்டும். ஒரு வேளை மருந்துக்கு மேல் கொடுப்பது பெரும்பாலும் இயலாது. கறுப்புச் சந்தையில் திரியும் பல மருந்துகள் மனிதர்களுக்கென்று ஒருபோதும் அங்கீகரிக்கப்படாதவை, அவற்றை ஆரோக்கியமான ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லி யாரும் கையெழுத்திட மாட்டார்கள். கொடுக்கக்கூடாது என்பதுதான் என் கருத்தும். அப்படியே கிடைத்தாலும் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கும் அளவு நியமமாகப் பகிர்ந்துகொள்ளப் போதாது.

இரண்டாவது வழி இரசாயனத் தொகுப்பு. இது ஏன் கடினம் என்பதைப் புரிந்துகொள்ள ஸ்டெரொயிட்டின் எலும்புக்கூட்டைப் பார்க்க வேண்டும். நான்கு வளையங்கள், அவற்றில் மூன்று ஆறு காபன் கொண்டவை, ஒன்று ஐந்து காபன் கொண்டது. அடுத்தடுத்து ஒட்டியிருக்கும் இந்த வளையங்களில் மொத்தம் 17 காபன் அணுக்கள். கொலஸ்ட்ரோல், டெஸ்டோஸ்டெரோன், கோர்ட்டிசோல் எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான். அந்தக் காபன்களில் பெரும்பாலானவற்றில் ஐதரசன் ஒட்டியிருக்கிறது, இரசாயனவியலாளரின் கண்ணுக்கு அவற்றில் பல ஒன்றைப்போல் மற்றொன்று. ஆறாம் காபனில் மட்டும், அதுவும் வளையத்தின் மேற்பக்கமாக, ஓர் ஐதரொட்சில் கூட்டத்தை, அதாவது ஓர் ஒட்சிசனும் ஓர் ஐதரசனும் சேர்ந்த துண்டை, செருக வேண்டுமென்றால் ஏனைய இடங்களையெல்லாம் மூடிப் பாதுகாத்து, பல படிகளில் சுற்றிவளைத்துத்தான் போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு வீணாகும். மேற்பக்கத்துக்குப் பதில் கீழ்ப்பக்கம் ஒட்டிவிட்டால் கிடைப்பது வேறு பொருள். கருவியிலும் அது வேறு நேரத்தில்தான் வெளிவரும்.

ஈரலோ இதே வேலையை ஒரே படியில் முடித்துவிடுகிறது. அதைச் செய்வது சைற்றோகுறோம் பீ450 என்ற நொதியக் குடும்பம். மனிதரிடம் இதில் 57 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நடுவில் ஓர் இரும்பு அணு, அதைச் சுற்றி ஸ்டெரொயிட் வந்து அமரும் ஒரு குழி. குழியின் வடிவத்தால் மூலக்கூறின் குறித்த ஒரு காபன் மட்டும் இரும்பை நோக்கித் திரும்பியிருக்கும். வளியிலிருந்து வந்த ஒட்சிசனின் ஓர் அணு அந்தக் காபனுக்குப் போகிறது, மற்றையது நீராகிறது. இதற்கு இலத்திரன்கள் தேவை. அவற்றைக் கொண்டுவந்து கொடுக்க ஒரு துணை நொதியமும், அந்தத் துணைக்குத் தீனி போட உயிருள்ள கலமும் வேண்டும். இதனால்தான் நொதியத்தை மட்டும் பிரித்துச் சோதனைக்குழாயில் இட்டால் வேலை சீக்கிரமே நின்றுவிடுகிறது, செலவும் ஏறுகிறது. முழுக் கலமாக வைத்தால் அது குளுக்கோசைத் தின்று தானாகவே இலத்திரன் வழங்கலைப் பார்த்துக்கொள்ளும்.

நுண்ணங்கியை இப்படி வேலைக்கு வைப்பது புதிய யோசனை அல்ல. 1949இல் மூட்டுவாத நோயாளிகளுக்குக் கோர்ட்டிசோன் வியக்கத்தக்க பலனளிப்பது தெரியவந்தபோது, மாட்டின் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில்தான் அதைத் தயாரிக்க முடிந்தது. தலைவலியாக இருந்தது பதினோராம் காபனில் ஒட்சிசனைப் பொருத்துவது. 1952இல் அமெரிக்காவின் அப்ஜோன் நிறுவனத்தில் பீற்றர்சனும் மறேயும் ரைசோப்பஸ் என்ற பங்கசிடம் புரொஜெஸ்டெரோனைக் கொடுத்தார்கள். அது ஒரே படியில் பதினோராம் காபனில் ஐதரொட்சில் கூட்டத்தை வைத்துக் கொடுத்தது. ரைசோப்பஸ் நமக்குப் புதியதல்ல. ஈரக் காற்றில் இரண்டு நாள் வைத்த பாணில் பூக்கிற கறுப்புப் பூஞ்சணம் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். கோர்ட்டிசோனின் விலை சரிந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. பாடசாலையில் நொதித்தல் என்றவுடன் மதுசாரத்தையும் தயிரையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறோம். இதையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் எவ்வளவு ஆவலோடு கேட்பார்கள்!

ஊக்கமருந்து ஆய்விலும் முதலில் கைகொடுத்தவை பங்கசுக்களே. மண்ணில் வாழும் கன்னிங்ஹமெல்லா என்ற பங்கசிடம் இயல்பாகவே பீ450 நொதியங்கள் இருக்கின்றன. அது உண்டாக்கும் விளைபொருட்கள் பல சமயம் பாலூட்டிகளின் விளைபொருட்களை ஒத்திருக்கும். ஆனால் பல சமயம் என்பது எப்போதும் ஆகாது. ஒரே மருந்திலிருந்து பல பொருட்களை அது கலந்து தரும். அவற்றில் சில மனித உடலில் வராதவையாகவும் இருக்கும்.

ஆகவே ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். நுண்ணங்கியிடம் இருப்பதை நம்பியிராமல், மனித நொதியத்தின் ஜீனை எடுத்து அதற்குள் வைத்தார்கள். இதற்கு அருமையாகப் பொருந்தியது பிளவு மதுவம், முழுப்பெயர் சைசோசக்கரோமைசிஸ் பொம்பே. கிழக்காபிரிக்கத் தினை மதுவிலிருந்து 1893இல் விவரிக்கப்பட்ட மதுவம் இது. நம் வீடுகளில் அப்ப மாவைப் பொங்கவைக்கும் மதுவத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம், ஆனால் அரும்பிப் பெருகாமல் நடுவே குறுக்குச்சுவர் இட்டு இரண்டாகப் பிரியும். பற்றீரியாவைப் போலன்றி இதற்குள் அகமுதலுருச் சிறுவலை உண்டு. மனித பீ450 நொதியங்களில் பெரும்பாலானவை ஒட்டியிருக்கும் மென்சவ்வு அதுதான். இன்னொரு வசதி எனக்கு மிகவும் பிடித்தது. பிளவு மதுவத்துக்குச் சொந்தமாக இரண்டே இரண்டு பீ450 நொதியங்கள்தான், இரண்டுமே தன்னுடைய மென்சவ்வுக்கான எர்கொஸ்டெரோலைத் தயாரிப்பதில் மூழ்கியிருப்பவை. எனவே மருந்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தால், அது நாம் வைத்த மனித நொதியத்தின் வேலை என்று தைரியமாகச் சொல்லலாம்.

செய்முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மனித ஜீன் ஏற்றப்பட்ட மதுவத்தை ஊடகத்தில் வளர்த்து, அடர்த்தியான பால் போன்ற தொங்கலாக்குகிறார்கள். ஸ்டெரொயிட் நீரில் இலகுவில் கரையாது, அதனால் அதை முதலில் சிறிதளவு எதனோலில் கரைத்துத்தான் குடுவைக்குள் விட வேண்டும். எதனோல் கூடினால் மதுவம் சோர்ந்துவிடும், குறைந்தால் ஸ்டெரொயிட் வெள்ளைத் தூளாகப் படிந்துவிடும். ஒட்சிசன் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்பதால், அகன்ற குடுவையில் 30 பாகை செல்சியசில் இரண்டு மூன்று நாட்கள் விடாமல் குலுக்குகிறார்கள். அப்புறம் மையநீக்கியில் சுழற்றிக் கலங்களை அடியில் படியவிட்டு, மேலே நிற்கும் திரவத்தை எதையில் அசற்றேற்றுடன் சேர்த்துக் குலுக்கினால் ஸ்டெரொயிட்டுகள் அந்தக் கரைப்பானுக்குள் ஏறிவிடும். கரைப்பானை ஆவியாக்கினால் அடியில் மெல்லிய படலம் மிஞ்சும். அதில் மாறாத மருந்தும் மாறிய பொருளும் கலந்திருக்கும். நிறப்பதிவியலால் இரண்டையும் பிரித்து, மாறிய பொருளை மட்டும் எடுத்தால் சில மில்லிகிராம் கிடைக்கும்.

சில மில்லிகிராமா என்று முகம் சுளிக்க வேண்டாம். ஒரு மில்லிகிராமில் பத்து இலட்சம் நானோகிராம் இருக்கிறது. ஆனால் அதை நியமம் என்று அழைக்க முன் இன்னொரு படி உண்டு. அணுக்கருக் காந்தப் பரிவு என்ற முறையால் ஒவ்வொரு காபனும் ஒவ்வொரு ஐதரசனும் எங்கே, எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று வரைந்துகாட்ட வேண்டும். மதுவத்தை வளர்க்கும் வசதி ஒரு சாதாரண பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலும் இருக்கும். பணம் விழுங்குவது இந்தக் கடைசிப் படிதான்.

ஓர் உண்மையான உதாரணம் சொல்கிறேன். மெத்தான்டியெனோன், டயனபோல் என்ற பெயரில் 1950களின் கடைசியில் சந்தைக்கு வந்த மாத்திரை. உடற்கட்டுக்காரர்கள் மத்தியில் இன்றும் அந்தப் பெயர் உலாவுகிறது, ஜிம்முக்குப் போகும் தம்பிமார் கேள்விப்பட்டிருப்பார்கள். வழமையாகத் தேடப்பட்ட அதன் விளைபொருட்கள் சில நாட்களில் மறைந்துவிடும். போட்டிக்கு முன் எப்போது மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று கணக்குப் போட்டவர்களுக்கு அது வாய்ப்பானது. 2006இல் ஜேர்மனியின் கொலோன் நகரிலுள்ள ஆய்வுகூடம் அந்த மருந்தின் இன்னொரு விளைபொருளை அறிவித்தது. அது சிறுநீரில் இரண்டு வாரத்துக்கு மேலாகவும் தென்பட்டது. நீண்டகால விளைபொருள் என்று இத்தகையவற்றைச் சொல்கிறார்கள். கணக்குப் போட்டு நிறுத்தியவர்கள் பலர் இப்போது சிக்கத் தொடங்கினார்கள்.

அந்தப் பொருளின் கட்டமைப்போ விசித்திரமானது. பதின்மூன்றாம் காபனில் இருக்க வேண்டிய மெதையில் கூட்டம் (ஒரு காபனும் மூன்று ஐதரசனும் சேர்ந்த துண்டு) பதினேழாம் காபனுக்குத் தாவியிருக்கும். பிறகு அந்தக் காபனிலுள்ள இரண்டு மெதையில் கூட்டங்களில் ஒன்றின் மேல் மட்டும் ஐதரொட்சில் ஏறியிருக்கும். தாவல் வரைக்கும் இரசாயன முறையில் கொண்டுவரலாம். இரண்டு மெதையில் கூட்டங்களில் ஒன்றை மட்டும் தெரிவுசெய்வதுதான் பிரச்சினை. 2010இல் கொலோன் ஆய்வாளர்களும் சார்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பிளவு மதுவத்தோடு வேலை செய்தவர்களும் கூட்டாக ஒரு விடையை வெளியிட்டார்கள். பீ450 குடும்பத்தைச் சேர்ந்த மனித சைப்-21 நொதியத்தை வைத்த மதுவத்திடம் அந்த இடைநிலைப் பொருளைக் கொடுக்க, அது சரியான மெதையிலின் மேல் ஐதரொட்சிலை வைத்தது. சைப்-21 ஈரலின் நொதியம்கூட அல்ல. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பியில் கோர்ட்டிசோல் தயாரிப்பதற்காக வளையங்களுக்கு வெளியே தொங்கும் இருபத்தோராம் காபனில் ஐதரொட்சில் வைப்பதுதான் அதன் அன்றாடத் தொழில். நம் உடலின் ஓமோன் தொழிற்சாலையிலிருந்து ஒரு தொழிலாளியைக் கடன் வாங்கி, ஊக்கமருந்துச் சோதனைக்கு வேலைக்கு வைத்துவிட்டார்கள்.

நீண்டகால விளைபொருட்களின் பலம் பின்னாளில் எல்லோருக்கும் தெரிந்தது. 2008 பெய்ஜிங், 2012 லண்டன் ஒலிம்பிக் போட்டிகளில் சேமித்துவைத்த மாதிரிகளைச் சில ஆண்டுகள் கழித்துப் புதிய முறைகளால் மறுபடி சோதித்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் சிக்கினார்கள். டியூரினபோல், ஸ்டனசொலோல் போன்ற பழைய ஸ்டெரொயிட்டுகளின் நீண்டகால விளைபொருட்கள்தான் அதில் பெரும் பங்கு. இதை மதுவத்தின் வெற்றி என்று எழுத நான் வரவில்லை. விளைபொருட்களைக் கண்டுபிடித்ததில் தொண்டர்களின் மாதிரிகளும் கூர்மையான கருவிகளும் முன்னால் நின்றன. ஆனால் கண்டுபிடித்ததை உலகெங்கும் உள்ள ஆய்வுகூடங்களில் ஒரே மாதிரி உறுதிப்படுத்த வேண்டும், வீரரின் சட்டத்தரணி கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். அதற்குக் கையில் தூய பொருள் இருந்தாக வேண்டும். குற்றமற்றவரைக் காப்பாற்றுவதும் அதே பொருள்தான்.

ஈரலின் இரண்டாம் கட்ட வேலையிலும் நுண்ணங்கிகள் நுழைந்துவிட்டன. ஐதரொட்சில் ஏறிய ஸ்டெரொயிட்டோடு குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை வழிப்பொருள் ஒட்டி, நீரில் கரையும்படி ஆக்கும். பல காலமாக ஆய்வுகூடங்கள் சோதனைக்கு முன் இந்தத் துண்டை வெட்டிவிடுகின்றன. வெட்டப் பயன்படும் நொதியம் எஸ்செரிச்சியா கோலி என்ற குடல் பற்றீரியாவிலிருந்து வருகிறது! இப்போதைய கருவிகளால் துண்டு ஒட்டிய நிலையிலேயே பார்க்க முடியும், ஸ்டனசொலோல் விடயத்தில் அது கண்டுபிடிக்கும் காலத்தை நீட்டியது. அதற்குத் துண்டு ஒட்டிய நியமங்கள் தேவை. அந்தச் சர்க்கரையை ஒட்டும் மனித நொதியத்தையும், ஒட்டுவதற்கான சர்க்கரையை உருவாக்கும் நொதியத்தையும் ஒன்றாக வைத்து, பிளவு மதுவத்தையே அதையும் செய்யப் பழக்கியிருக்கிறார்கள்.

நுண்ணங்கிகளின் இதே திறமை மாதிரிப் போத்தலுக்குள் வெளிப்பட்டால் ஆபத்து. கொழும்பு வெயிலில் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் உலக ஊக்கமருந்து தடுப்பு முகவரகத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் இல்லை. இங்கே எடுக்கும் மாதிரிகள் வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும். சிறுநீரில் பற்றீரியா இருந்து, வழியில் குளிர் விட்டுப்போனால், அவை சர்க்கரைத் துண்டுகளை வெட்டத் தொடங்கும், ஸ்டெரொயிட்டுகளிலிருந்து ஐதரசனை அகற்றும். உடலின் இயற்கையான ஸ்டெரொயிட்டுகளின் விகிதமே குழம்பும். இயற்கையான ஸ்டெரொயிட்டிலிருந்து ஒரு மெதையில் கூட்டம் கழன்று, நாந்திரோலோன் என்ற தடைசெய்யப்பட்ட ஸ்டெரொயிட்டின் குடும்பத்துப் பொருளாக மாறுவதும் சேமித்த சிறுநீரில் பதிவாகியிருக்கிறது. குசலின் வழக்கோடு இதை முடிச்சுப் போட வேண்டாம், இது பொதுவாக அறியப்பட்ட வேதியியல். இதற்காகவே ஆய்வுகூடங்கள் ஐந்து-அல்பா-அன்ட்ரொஸ்டேன்டையோன் போன்ற, பற்றீரியா வேலை செய்ததைக் காட்டிக்கொடுக்கும் பொருட்களையும் ஒவ்வொரு மாதிரியிலும் அளக்கின்றன. அவற்றின் அளவு வரம்பைத் தாண்டினால், அந்த மாதிரியின் ஸ்டெரொயிட் விகிதங்கள் நம்பத்தக்கவை அல்ல என்று அறிக்கையிலேயே குறித்துவிடுவார்கள்.